அட்டைப்படத்தில் இருந்த கை

போன வாரம் மதுரையில் ஒரு நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவர் மகள் கூடத்தில் பழைய சூப்பர்ஹீரோ விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தாள். துறைமுகக் கட்டம். நாயகனின் துணைவன் கடலில் விழுந்தான். அவள் நாயகனைத் திருப்பி ஓடவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். அவன் குனிந்து, விழுந்தவனின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். ஆட்டம் மேலே போனது. நான் தட்டை வைத்துவிட்டு அவளிடம் போனேன்.

"நாங்க ஆடினப்போ தூக்கவே மாட்டானேம்மா?"

"நீங்க ஆடினது வேற கன்சோலுக்கு மாத்தின கேமா இருக்கும் அங்கிள். அந்தப் பழைய மெஷின் தாங்காதுன்னு நெறைய வெட்டிட்டாங்க. தூக்குறது அதுல கிடையாது."

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். என் பள்ளி நண்பன் ஆரோக்கியத்தைத் தெரிந்திருந்தால் தோன்றாது.

என் அய்யாவுக்குப் பாம்பனுக்கு வேலை மாற்றலானபோது நான் ஒன்பதாம் வகுப்பு. ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து வயலும் கண்மாயும் தவிர வேறெதுவும் தெரியாதவன். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஆரோக்கியம். பள்ளிக்கூடம் விட்டதும் என்னை ஜமால் பாயின் வீடியோ கேம் கடைக்கு இழுத்துப் போனான். ஐஸ் உடைக்கும் கொட்டகையின் பின்னறைதான் கடை. மீன் கவிச்சியும் சூடேறிய டிவியின் நெடியும் ஈரச் சாக்கு வாடையும் அங்கே ஒன்றாகக் கலந்திருக்கும். இன்றும் ஈரச் சாக்கு எங்காவது மணந்தால் என் கட்டைவிரல் தானாக அசைகிறது.

அங்கிருந்தது பழைய, சின்ன கன்சோல். பெரிய மெஷினுக்காகச் செய்த விளையாட்டை இதற்கென்று வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள். ஆனால் டப்பாவின் அட்டையில் பெரிய மெஷினின் படத்தையே போட்டிருந்தார்கள்: பறக்கும் மேலங்கியோடு நாயகன் படித்துறையில் குனிந்து, தண்ணீரிலிருந்து நீளும் கையைப் பிடித்துத் தூக்குகிறான். நாங்கள் அதை நம்பினோம்.

நாயகன் எப்போதும் ஆரோக்கியம். விழுகிற துணைவன் நான். "ஒனக்குத்தான் நீச்சத் தெரியாதே, பொருத்தமா இருக்கும்" என்றான். துறைமுகக் கட்டத்தில் என்ன செய்தாலும் நான் விழுவேன். அவன் திரும்பி வருவான். என் கை தண்ணீருக்கு மேலே ஆடும். அவன் பொத்தானை அழுத்துவான். கை மெல்ல அமிழ்ந்து ஆட்டம் முடிந்துவிடும்.

பொத்தான்மீதுதான் முதலில் சந்தேகப்பட்டோம். பாம்பனில் உப்புக் காற்று எதைத்தான் விட்டுவைக்கும்? ஜமால் பாய் ரிமோட்டைக் கழற்றிப் பஞ்சில் பெட்ரோல் தொட்டுத் துடைத்துக் கொடுத்தார். தூக்கவில்லை. புது ரிமோட் வாங்கி வந்தார். அதிலும் தூக்கவில்லை.

ராமநாதபுரத்தில் என் மாமா மகன் அந்த விளையாட்டைக் கடைசிவரை முடித்திருந்தான். விழுந்தவனை விட்டுவிட்டுத் தனியாக ஓடினால் அடுத்த கட்டம் திறக்குமாம். பெரிய ரகசியம் போல அதைக் கடையில் வந்து சொன்னேன். சுற்றி நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏலே வயக்காட்டான்," என்றான் ஆரோக்கியம். "ஆள தண்ணில விட்டுட்டு வந்தா கரைல யாரு மொகத்துல முழிப்ப?"

பாம்பனில் யாரும் அப்படி ஆடவில்லை. ஆள் விழுந்தால் படகைத் திருப்பியாக வேண்டும் என்பது அங்கே பேச்சுக்கு அப்பாற்பட்ட விஷயம். ஒரு விளையாட்டு அதற்கு இடம் வைக்காமல் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆரோக்கியத்துக்கு இன்னொன்றும் இருந்தது. அவன் அய்யா சூசை தன் சொந்த விசைப்படகுக்கு டிரைவர். அதற்கு முந்தைய ஆண்டு அவர் படகிலிருந்து இன்னாசி என்பவர் கடலில் விழுந்தார். வலை இழுபட்டுக்கொண்டிருந்த நேரம். சூசை வலையை வெட்டிவிட்டுப் படகைத் திருப்பினார். போய்ச் சேர்ந்தபோது ஆள் இல்லை. வலையை வெட்ட மனம் வராமல் யோசித்தார், அதனால்தான் பிந்தியது என்று ஊர் பேசியது. அதன்பிறகு அவர் படகில் ஏற ஆள் வரவில்லை. மகனோ, உடனே திரும்பினால் ஆளைத் தூக்கிவிடலாம் என்று அந்த அட்டைப்படத்தைப் பிடித்துக்கொண்டு, தினமும் திரும்பித் திரும்பித் தோற்றுக்கொண்டிருந்தான்.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள், படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தபோது, ஐஸ் கொட்டகைக்கு வந்த சூசை பின்னறை வாசலில் நின்று பார்த்தார். நான் வழக்கம்போல விழுந்தேன். ஆரோக்கியம் திரும்பினான். நகம் வெளுக்கும்படி பொத்தானை அழுத்தினான். கை அமிழ்ந்தது.

"ஏன் எடுக்கல?" என்றார்.

"நான் பிந்திட்டேன்யா."

"நீ பிந்தலலே. நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். அவன் விழுகவும் நீ திரும்பிட்ட."

ஆரோக்கியம் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கடைக்கு வரவில்லை.

நான் வேலை பார்க்கும் செய்தித்தாளில் படம் ஒன்றும் செய்தி வேறொன்றுமாக வந்துவிட்டால் மறுநாளே திருத்தம் போடுகிறோம். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போடுகிறோம். இந்த டப்பாக்காரர்கள் தூக்கும் வசதியை எடுத்துவிட்டு, தூக்கும் படத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். சரி, வியாபாரம். ஆனால் தண்ணீருக்கு மேலே ஆடும் அந்தக் கையையாவது வெட்டியிருக்கலாம். மெஷின் தாங்காது என்று எதையெதையோ வெட்டியவர்களுக்கு அது மட்டும் பாரமாகத் தெரியவில்லை. பழைய மெஷின் வைத்திருப்பவனுக்கு இது போதும் என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான். அந்த அறையை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

போன வாரம் அந்த நண்பர் வீட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே ஆரோக்கியத்துக்குப் போன் செய்தேன். தூத்துக்குடியில் வெல்டராக இருக்கிறான். முழுதும் கேட்டான்.

"படம் மட்டும் போட்டிருக்கானா?"

"ஆமா."

"வெளங்காத பயலுக," என்றான். பிறகு பட்டறைச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தான். "அன்னைக்கு அய்யா என்னய சமாதானப்படுத்தப் பொய் சொல்றாருன்னு நெனச்சேம்லே. அவரு மொகத்தயே கொஞ்ச நாளு பாக்கல நான்."

சூசை இறந்துவிட்டார். ஐஸ் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி இருக்கிறது. ஜமால் பாய் சொந்த ஊரான தொண்டிக்கே திரும்பிப் போய்விட்டார். சூசையின் படகுக்குக் கடைசிவரை ஆள் சேரவே இல்லை. கரையில் கிடந்து வெயிலில் பலகை பிரிந்தது. இன்ஜினை ஒருவர் வாங்கிப் போனார். மிச்சத்தைச் சூசையே கோடரியால் விறகாகப் பிளந்து அடுக்கினாராம். உதவிக்குப் போன மகனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.