செவலைக்கும் ஒரு முறை

லோகாம்பாளை வாயாடி என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. காதில் விழுந்தால் கேட்க வந்துவிடுவாள்.

பழவேற்காடு ஏரியில் பாடு என்றால் முறை. இன்று ஒரு கூட்டம் இறால் வலை போட்டால், நாளை அதே இடத்தில் அடுத்த கூட்டம். இன்று போட்டவன் நாளைக்குக் கால் நீட்டிப் படுக்கலாம். ஆனால் எவன் பிடித்தாலும், கூடைகள் சேற்றைத் தாண்டி ரோட்டுக்குப் போவது லோகாம்பாளின் ஒற்றை மாட்டு வண்டியில்தான். அதை இழுக்கிற மாடு செவலைக்கு மட்டும் முறையே கிடையாது. கழுத்துப் புண் காய்வதற்குள் அடுத்த பாரம் வந்துவிடும்.

கோயில் வாசலில் சீட்டுப் போட்டுப் பாடு பிரிக்கிற அன்று, அவள் போய் நடுவில் நின்றாள்.

“எம் மாட்டுக்கும் சீட்டுப் போடுங்க. சுத்துக்கு ஒரு நாள் அது சும்மா நிக்கணும்.”

நாட்டாண்மை பூபதி சிரித்தான். “மாடு ஊர் வரி கட்டுதாக்கா?”

“உன் வலைய இழுக்குது, உன் இறால இழுக்குது, குடிச்சிட்டு வுழுந்தா உன்னையும் சேத்து இழுக்குது. வரி இன்னா பெரிய வரி?”

பூபதி செவலைக்கும் சீட்டு எழுதச் சொன்னான். சீட்டை அவளையே எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். செவலை நிற்கவேண்டிய நாள், அவள் மகன் ஜெகதீஸ்வரனின் கூட்டத்துப் பாட்டில் விழுந்தது. அந்த நாள் வந்தபோது, அன்று பார்த்து வலை கொள்ளாத இறால்.

“எம்மா, வெயில் ஏறுது. இறால் தலை கறுத்துட்டா எவனும் வாங்கமாட்டான். நம்ம மாடுதான?”

“நம்ம மாடுதான். பேசுனதும் நம்ம வாய்தான்.”

அதற்குள் செவலை தானாக வந்து நுகத்தடிக்குக் கீழே நின்றது.

“பாரு, அதுக்கே வேலை செய்ய ஆசை.”

“ஆசையா பழக்கமா, கேட்டுச் சொல்லு.”

ஜெகதீஸ்வரன் மாட்டின் முகத்தைப் பார்த்தான். அது அசைபோட்டது. வேறொன்றும் சொல்லவில்லை.

லோகாம்பாள் அதைக் கொண்டுபோய் வைக்கோலண்டை கட்டினாள். திரும்பி வந்து நுகத்தடியின் ஒரு பக்கம் தோளைக் கொடுத்தாள். மறுபக்கம் மகன் கொடுத்தான். கூட்டத்து ஆட்கள் பின்னால் தள்ளினார்கள். முழங்கால் சேறு. பாதி இறால் தலை கறுத்துத்தான் ரோடு ஏறியது. ஜெகதீஸ்வரன் அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை.

மறுநாள் பூபதி கூட்டத்துப் பாடு. வழக்கம்போல வண்டி நிறையக் கூடை ஏற்றினார்கள். ஜெகதீஸ்வரன் வந்து பாதியை இறக்கி வைத்தான்.

“இன்னாடா, எப்பவும் ஏத்துறதுதான?” என்றான் பூபதி.

“எப்பவும் ஏத்துறதுதான்.” ஜெகதீஸ்வரன் தோளைத் தேய்த்துக்கொண்டான். “ரெண்டு நடையா போவட்டும்.”

செவலை வந்து நுகத்தடிக்குக் கீழே நின்றது.