கைமடிப்பில் ஒரு நீல வட்டம்

போர் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. உத்திரமேரூர் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த சாந்தி தூக்கத்திலேயே போய்விட்டாராம். முந்தின நாள் மாலைதான் பார்த்தேன். “நாளிக்கி வாண்ணா, புது எண்ணெ தரேன்” என்றார். அவரிடம் வாங்கியவர்கள் எல்லாருக்கும் அந்த ‘நாளிக்கி’ பழக்கம்தான். எனக்குத்தான் அது புரிய நாளாயிற்று.

என் மகளுக்கு வறண்ட தோல். சோப்பை மாற்றினால்கூடச் சிவந்துபோகும். சொறிந்த கோடுகளை மறைக்க வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டைதான். பத்தாவதோடு நின்ற நான் போனில் நாலு வீடியோ பார்த்து வைத்தியன் ஆனேன். வேப்பெண்ணெய், நல்லெண்ணெய், மஞ்சள், கற்பூரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் காய்ச்சித் தடவினேன். பிள்ளை போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

சிவந்த கைகளைப் பார்த்ததும் சாந்தி கேட்டார்: “இன்னாண்ணா, கொயந்தைக்குத் தடவினியா, தாளிச்சிக் கொட்டினியா? மொதல்ல டாக்டராண்ட காட்டு. புண்ணு ஆறட்டும், அப்பறம் வா.”

ஆறியபின் போனால் எண்ணெய் தரவில்லை, கேள்விதான் கேட்டார். இன்னா சோப்பு? போர் தண்ணியா? குளித்து எவ்வளவு நேரம் கழித்துத் தடவுகிறாய்? அரை மணி நேரம் என்றேன். “ஒடம்பு காஞ்சப்பறம் இன்னாத்துக்கு? ஈரம் இருக்கச்சொல்லவே தடவு.”

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைப்பார். சில நாளில் எண்ணெய் கருநீலமாகிவிடும். பச்சை இலையிலிருந்து அந்த நிறம் எப்படி வருகிறது என்று கேட்டேன். “எனக்கும் தெரியலண்ணா. தெனம் போய்ப் பாக்கறேன், எப்ப மாறுதுன்னு புடிக்கவே முடியல” என்று சிரித்தார்.

புதிதாக எடுத்த எண்ணெயில் ஒரு சொட்டைத் தன் கைமடிப்பில், முழங்கைக்கு உட்பக்கம், தடவி, சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுக்கொள்வார். மறுநாள் வட்டத்துக்குள் சிவக்காமல் இருந்தால்தான் பாட்டில் நம் கைக்கு வரும். “எனக்கும் உன் பொண்ணு தோலுதான். என்னை அரிச்சா அவளையும் அரிக்கும்” என்பார்.

அன்று அவர் உடலுக்கு மாலை போட்டுக் கும்பிடும்போது என் கண் அவர் இடது கைக்குப் போயிற்று. மடிப்பில் நீல வட்டம். சாவு வீட்டில் செய்கிற வேலையா என்று நீங்கள் கேட்கலாம். குனிந்து உற்றுப் பார்த்தேன். உள்ளே சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. பக்கத்தில் நின்ற அவர் வீட்டுக்காரரும் பார்த்தார். காரியம் முடிந்தபின் கடையைத் திறந்து ஒரு பாட்டிலை நீட்டினார். “அவளே பாத்து வெச்சதுதான். எடுத்துக்கினு போ மச்சான்.”

வீட்டில் ஒரு சொட்டு எடுத்து என் கையில் தடவி வட்டம் போட்டேன். மகள் சிரித்தாள். “உன்து எரும தோலு நைனா. அது இன்னாத்த சொல்லும்?” பேனாவைப் பிடுங்கி, தன் கைமடிப்பில் ஒரு சொட்டைத் தடவிச் சுற்றி வட்டம் வரைந்துகொண்டாள்.

சாந்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு நாள் பொறுமைதான். பாட்டிலை மறுபடி திறக்காமல் காத்திருந்தேன். விடிந்ததும் முதல் வேலையாக மகளின் கையைத் தூக்கிப் பார்த்தேன்.

வட்டம் மட்டும்தான் இருந்தது.