எல்லைக் கல்லில் வைத்த பொங்கல்

மொன்றியல் புறநகரான கர்க்லாண்டில் பல தெருக்களுக்கு நடைபாதை கிடையாது. ஓரத்துப் புல்லில் ஏறியும் இறங்கியும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அக்டோபர் மாதத்துப் பிற்பகல். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு காற்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, சவரக்கத்தி, அதோடு என்னுடையதல்லாத ஒரு கட்டுத் தாள்.

அன்று பழைய காகிதம் எடுக்கும் நாள். வீடு வீடாக நீலத் தொட்டிகள் நின்றன. அப்படியொரு தொட்டியில்தான் அந்தத் தாள்களை நான் போட்டிருக்க வேண்டும். நான் வேலைக்கு இருந்த வீட்டுப் பெரியவர் அதைத்தான் சொல்லியிருந்தார். நான் அவற்றைப் பைக்குள் வைத்து, வீட்டுத் திறப்பைச் சமையலறை மேசையில் விட்டுவிட்டுப் பின்கதவால் வந்துவிட்டேன். அடுப்பை அணைத்திருந்தேன். மாலை மருந்தை எடுத்து வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு அவருடைய மகள் வருவாள் என்பதும் தெரியும். இவற்றைத் தவிர என் பக்கத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழு மாதம் அந்த வீட்டில் இருந்தேன். சமைப்பது, குளிப்பாட்டுவது, பனி தள்ளுவது. பெரியவர் ஒரு சின்ன அரபுத் தீவு நாட்டுக்காரர். அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பிள்ளைகளின் பின்னால் மொன்றியல் வந்தவர். நான் இளவயதில் அவருடைய நாட்டில் கூலிவேலை செய்தவன் என்பதால்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்பில் ஊரைவிட்டு ஓடிய வருடத்தோடு என் படிப்பு முடிந்தது. பிறகு கொழும்பு, வளைகுடா, கப்பல் துறைமுகங்கள், கடைசியில் இங்கே. எனக்குத் தெரிந்த அரபி முழுவதும் மேற்பார்வையாளர்களிடம் கற்றது: தூக்கு, கொண்டு வா, அங்கே வை, சீக்கிரம். "நீ என் பாஷையில் கதைத்தால் என்னை வேலைக்கு விரட்டுவது போல இருக்கிறது" என்று பெரியவர் சிரிப்பார்.

அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். தன் நாட்டின் எல்லை எப்படி உண்டானது என்பது பற்றி. மாலையில் அவருக்குக் கால் பிடித்துவிடும்போது அரபியும் எளிய ஆங்கிலமும் கலந்து எனக்கும் சொல்வார். நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்றே தெரியாத காலம். பிரிட்டிஷ் அதிகாரிகள் பக்கத்தில் இருக்க, ஆட்சியாளர் ஒரு கம்பெனிக்குத் தன் நிலத்தைத் தோண்டும் உரிமையை எழுதிக் கொடுத்தார். அந்த நிலம் எதுவரை என்று கம்பெனி கேட்டபோதுதான் சிக்கல். அதுவரை அந்தக் கடலில் யாரும் கோடு பார்த்ததில்லை. எந்தத் திட்டில் யார் மீன்கூடு போடுகிறார்கள், யார் ஆட்டை இறக்கி மேய்க்கிறார்கள் என்பதுதான் பேச்சு. கம்பெனிக்கு அது போதவில்லை. அதனால் ஒரு அதிகாரி திட்டுத் திட்டாகப் போய்க் கல் குவித்து அடையாளம் வைத்தார். அவர் குவித்தார் என்று புத்தகங்களில் இருக்கும். கல்லைத் தூக்கிய கை பெரியவரின் தகப்பனுடையது. அவர் படகோட்டி.

தகப்பன் சாகும்வரை ஒரே கதையைச் சொன்னாராம். வடக்குத் திட்டில் அவர் குவித்த கல்லின் பக்கத்தில் நின்று மேற்கே பார்த்தால், கடலில் இருக்கும் இரண்டு பாறைகள் ஒன்றன் பின் ஒன்று மறைந்து ஒரே பாறையாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தார்களாம். எல்லைச் சண்டை எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் எண்ணெயும் கிடைக்கவில்லை. ஆனால் பெரியவரின் புத்தகத்தில் அந்தப் பகுதிதான் அவருக்கு உயிர். கம்பெனிக்காரனும் அதிகாரியும் எழுதி வைத்ததற்கு எதிரில், ஒரு படகோட்டி கண்ணால் கண்டதை வைக்கப்போகிறார்.

வசந்த காலத்தில் ஒரு பழைய மாணவர் அந்தத் திட்டுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினார். கற்குவியலுக்குப் பின்னால் கடல். கடலில் இரண்டு பாறைகள், நன்றாக இடைவெளி விட்டு, தனித்தனியாக.

"யாரோ சுண்ணாம்பும் பூசியிருக்கிறார்கள்" என்றார் பெரியவர், படத்தை என்னிடம் நீட்டி.

பூசியது நான்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அந்தத் திட்டில் இறங்குதுறையும் காவலர் அறையும் கட்ட எங்கள் நாலு பேரை இறக்கியிருந்தார்கள். தைப்பொங்கல் வந்தது. அரிசி இருந்தது, சர்க்கரை இருந்தது, அடுப்புக்குக் கல் இல்லை. திட்டு முழுவதும் மணலும், கையில் எடுத்தால் உதிரும் பவளக் கல்லும்தான். வடக்கு முனையில் மட்டும் ஒரு குவியல், கறுத்த, தட்டையான, நல்ல கற்கள். முதல் கல்லை நான்தான் வயிற்றோடு அணைத்துத் தூக்கினேன். கூடாரம்வரை கொண்டுபோக எண்ணம். நடுவழியில் கை விட்டுவிட்டது. "இனி ஏலாது, இதிலேயே பொங்குவம்" என்றேன். மற்றவர்களும் அங்கேயே கொண்டுவந்தார்கள். மூன்று கல் அடுப்புக்கு. காற்று பேயாய் அடித்ததால் மீதியையும் எடுத்துவந்து மறைப்புக் கட்டினோம். பொங்கல் நன்றாகப் பொங்கியது. சூரியனுக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

மத்தியானம் மேற்பார்வையாளரின் படகு தூரத்தில் தெரிந்தது. அது அரசாங்கக் கல், தொட்டால் உள்ளே போடுவார்கள் என்று எங்களில் ஒருவன் அப்போதுதான் சொன்னான். திருப்பிக் கொண்டுபோக நேரமில்லை. நின்ற இடத்திலேயே குவித்தோம். கரி தெரியாமலிருக்கச் சுவருக்கு வைத்திருந்த சுண்ணாம்பை அடித்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

இதைப் பெரியவரிடம் சொல்ல ஏழு மாதத்தில் எத்தனையோ மாலைகள் இருந்தன. சொன்னால் வேலை போகும் என்பது முதல் மாதத்துக் காரணம். பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்பதே காரணமாகிவிட்டது. நான் கிளம்பிவந்த அன்று மத்தியானம் அவர் தகப்பனைப் பற்றிய பக்கங்களைத் தனியே பிரித்தெடுத்தார். "பெருமைக்காகச் சொல்லியிருக்கிறார். படகோட்டிகள் அப்படித்தான். தகப்பன் பொய்யர் என்று எழுதுவதைவிட எழுதாமல் விடுவது நல்லது" என்று சொல்லி என் கையில் தந்தார்.

நான் வாங்கிக்கொண்டேன்.

பஸ் பிடித்து நகரத்துக்குள் கோட்-டெ-நெய்ஜுக்குப் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான ஓர் அண்ணை இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. மாலை வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடாப்பா, பையோட வாறாய்? கலைச்சு விட்டுட்டாரோ?"

"இல்லையண்ணை. நானா வந்திட்டன்."

"ஏழு மாசம் ஒரு இடத்தில இருந்திட்டாய். நானும் உனக்கு ஏதும் நோய் வருத்தமோ எண்டு பார்த்தன்."

தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பு வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறது வழக்கம்தானே! நீ ஒருத்தன்தான் நாட்டு எல்லைக்கே அடிச்சிருக்கிறாய்."

பிறகு தாள்களைப் பார்த்தார். சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடியே சொன்னார்.

"அந்த மனிசன் தன்ர தகப்பனைப் பொய்யன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்குது. நீ இஞ்ச இருந்து என்ர தேத்தண்ணியைக் குடிக்கிறாய். போனை எடு."

"பேந்து எடுக்கிறன் அண்ணை, நாளைக்கு."

"உன்ர பேந்து எனக்குத் தெரியும். எடடா."

எடுத்தேன். பெரியவரின் மகள் எடுத்து, போனை அவரிடம் கொடுத்தாள். எனக்குத் தெரிந்த அரபியில் நடந்ததைச் சொன்னேன். தூக்கு, கொண்டு வா, வை என்ற சொற்கள் அன்றைக்குப் போதுமாக இருந்தன.

"எந்தப் பக்கம் நகர்த்தினீர்கள்?"

"இறங்குதுறைப் பக்கம்."

"எவ்வளவு தூரம்?"

"தெரியவில்லை, ஐயா."

"படத்திலுள்ள இடத்துக்கும் என் தகப்பன் சொன்ன இடத்துக்கும் இடையில் எவ்வளவு என்று வரைபடத்தில் அளந்து வைத்திருக்கிறேன். உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னால், என்மேல் இரக்கப்பட்டு நீ அதையே சொல்லுவாய். நீ சொல்வது அதைவிட மிகக் கூடினாலும் குறைந்தாலும் என் தகப்பன் அப்போதும் பொய்யர்தான். ஏழு மாதம் என் காலைப் பிடித்தாய்."

போனை வைத்துவிட்டார்.

அண்ணை என் கோப்பையைக் கழுவி வைத்தார். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக்காரருக்குப் பூசணி இறக்க ஆள் வேண்டுமாம், காலை ஆறு மணிக்கு நிற்கச் சொன்னார். "யோசிச்சுக்கொண்டு படுத்தாலும் எழும்பிப் போ" என்றார்.

போனேன். முதலாளி பிரெஞ்சில் ஏதோ சொல்லி லொறியைக் காட்டினார், பிறகு கடையைக் காட்டினார். அவ்வளவு போதும். மரப்பெட்டிகளில் பூசணி. கைப்பிடி இல்லை. வயிற்றோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். பாரமும் ஏறக்குறைய அந்தக் கல்லின் பாரம். வழியில் வேறு லொறிகள் நின்றதால் எங்கள் லொறி சந்துக்கு அப்பால் தள்ளி நின்றது. முதல் பெட்டியோடு நடந்தபோது முழங்கைக்குக் கீழே எரிவு தொடங்கியது. பெருவிரல் மரத்தது. அந்த எரிவை எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் கழித்தும் அதே வரிசையில்தான் வந்தது: முதலில் எரிவு, பிறகு பெருவிரல், பிறகு விரல்கள் தாமாகவே திறப்பது. பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி லொறிவரை காலடியை எண்ணினேன்.

அடுத்த பெட்டிக்கும் எண்ணினேன். அதற்கடுத்ததற்கும். ஒவ்வொரு தடவையும் ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே போனதும் கை விட்டது. அன்று இளவயது, ஆனால் மணலில் நடந்தேன். இன்று ஐம்பத்திரண்டு, ஆனால் கீழே தார். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுமா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நூறு இல்லை. இருபதும் இல்லை.

எட்டு மணிக்குக் கோப்பி குடிக்க விட்டார்கள். போன் எடுத்தேன்.

"ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில். காலடி" என்றேன்.

மறுபக்கத்தில் காகிதம் விரிக்கும் சத்தம், ஏதோ மரத்துண்டை மேசையில் வைக்கும் சத்தம். அவருடைய அளவுகோல் மரத்தால் ஆனது. நீண்ட நேரம் காத்திருந்தேன். கோப்பி ஆறிப்போயிற்று.

"அந்தத் தாள்களைத் தொட்டியில் போட்டுவிட்டாயா?"

"இல்லை. என்னிடம் இருக்கின்றன."

"எங்கே?"

"பையில். சந்தையில், பெட்டிகளுக்குப் பின்னால்."

"மழை வரும் என்கிறார்கள். நனையாமல் வை."

என்னை வரச் சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. பையை எடுத்து உள்ளே, தராசு வைத்த மேசைக்குக் கீழே தள்ளி வைத்தேன். முதலாளி கையைத் தட்டிக் கூப்பிட்டார். லொறியில் இன்னும் பாதிப் பூசணி இருந்தது. போய் அடுத்த பெட்டியை அணைத்துத் தூக்கினேன்.