வெளுத்தது சாயம் மட்டும்

எங்கள் துறைத்தலைவருக்குக் கைதட்டல் என்றால் உயிர். வேதியியலில் அவருக்கு அந்த அளவு பிடிப்பு இருந்ததாக நினைவில்லை. தேனியில் அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வேலை, தண்ணீரில் கலந்த பெண் ஹார்மோனை வெயிலைக் கொண்டு அழிப்பது. ஊர்ச் சாக்கடை வழியாக வாய்க்காலுக்கு வந்து, ஆண் மீன்களின் இனப்பெருக்கத்தையே கெடுக்கும் சங்கதி அது. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைக் கண்ணாடித் தட்டில் பூசி, மேலே தண்ணீரை ஓடவிட வேண்டும். வெயில் பட்டதும் பொடி ஹார்மோனைச் சிதைக்கும். ஆய்வகத்தில், காய்ச்சி வடித்த நீரில், நன்றாகவே சிதைத்தது.

வாய்க்கால் தண்ணீரில் சோதித்துப் பார்க்கும் முன்பே தலைவர் சின்னமனூர்ப் பக்கம் மீன் வளர்ப்பவர்களைக் கூட்டிச் செயல்விளக்கம் வைத்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத ஹார்மோன் வேடிக்கை காட்ட உதவாது. எனவே குழாய்த் தண்ணீரில் நீலச் சாயத்தைக் கலக்கச் சொன்னார். மதியத்துக்குள் நீலம் வெளுத்தது.

"பாத்துக்கங்க, ஹார்மோன் போயிருச்சு" என்றார்.

அந்தத் தண்ணீரில் ஹார்மோனே கிடையாது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

குளம் வைத்திருந்த ஓர் அம்மா எழுந்தார். "நீலம் போச்சு, சரிங்கய்யா. அது சாயம். கண்ணுக்குத் தெரியாதது போயிருச்சுன்னு எதை வச்சுச் சொல்றீக?"

"அதெல்லாம் கெமிஸ்ட்ரிம்மா. உங்களுக்குப் புரியாது."

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

மறுவாரம் அந்த அம்மாவின் குளத்துக்கு வரும் வாய்க்காலில் இரண்டு கேன் தண்ணீர் பிடித்தேன். ஹார்மோனை அளந்து கலந்து, அதே தட்டில் ஓடவிட்டு, மாதிரியை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். பாதிகூடப் போகவில்லை. கலங்கல் வெயிலை மறைத்திருந்தது. பொடியின் சக்தியை மற்ற அழுக்குகள் தின்றிருந்தன.

முடிவைப் பார்த்த தலைவர் முகம் சுளித்தார். "இதை யாரு கேட்டா? கட்டுரையில வாய்க்கால் பகுதியை எடுத்துருங்க."

"அப்ப என் பேரையும் எடுத்துருங்க சார்."

ஒரு பேச்சுக்குக்கூட அவர் மறுக்கவில்லை. புகழைப் பங்குபோட ஓர் ஆள் குறைந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். கட்டுரை வந்தது, சால்வை போர்த்தினார்கள். ஒரு சொட்டுகூடச் சுத்தமாகாத குளங்களின் சொந்தக்காரர்கள், அவர் பேச்சில் பயனாளிகள் ஆனார்கள்.

நான் அந்த அம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே தாயி."

"பயந்துட்டேம்மா."

"அவுக பொய் சொன்னாக, அது அவுக புத்தி. நீ தெரிஞ்சும் பேசாம நின்ன பாரு, அதான் மனசுக்கு ஒப்பல."

தலைவர் மேல் எனக்கிருந்த இளக்காரத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது என்று அப்போது உறைத்தது.

அந்த அம்மாவே கேட்டார்: "தண்ணியைத் தெளிய வச்சிட்டு ஓடவிட்டா ஆகுமா?"

"இதைவிடத் தேவலாம். முழுசும் போகும்னு சொல்ல மாட்டேன்."

"அதைச் சொல்லு, போதும்."

அவர் குளக்கரையிலேயே தண்ணீரை வடிகட்ட மணல் தொட்டி கட்டி, தெளிந்ததைத் தட்டில் ஓடவிட்டோம். இப்போது வேறொரு பேராசிரியரிடம் இருக்கிறேன். முன்னைவிட அதிகமாகவே ஹார்மோன் போகிறது, முழுவதும் போகவில்லை. கட்டுரையிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.