பவளத்துக்கு நடுவே ஊடுபயிர்

கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவன் நான். மிளகாய்க்கு நடுவே மல்லி விதைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு பாத்தியையும் விட்டதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் மண்டபத்துக்கு வேலைக்கு வந்தேன். உயிருள்ள பவளத் துண்டுகளை சிமெண்ட் பலகையில் கட்டி, கடலடியில் வைத்து வளர்க்கும் வேலை.

கிளைப் பவளத்தை ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு இடம் சும்மா கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் நடுநடுவே உருண்டைப் பவளத் துண்டுகளைக் கட்டிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து முங்கிப் பார்த்தபோது, உருண்டையைப் பார்த்திருந்த பக்கம் மட்டும் கிளைகள் எலும்பாக வெளுத்திருந்தன. கடல் சூட்டில் வெளுத்திருக்கும் என்று படகில் ஏறியதும் சாதித்தேன்.

கூட முங்கும் மண்டபத்துக்காரர் முகக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சூடுன்னா முழுசா வெளுத்திருக்கும்ணே. பக்கத்துல வேற இனம் வந்தா, அந்த உருண்டை ராத்திரில குடலை வெளிய நீட்டி, இருந்த எடத்துல இருந்தே அதைக் கரைச்சுத் தின்னுரும். அங்கன யாரு கட்டுனது?"

"நான்தான்" என்று சொல்ல எனக்குப் படகு கரை சேரும்வரை ஆனது.

மறுநாளே உருண்டைகளைப் பிரித்துத் தள்ளிக் கட்டினேன். வெளுத்த இடத்தில் மறுபடி தசை ஏறிவிடும் என்று நம்பினேன். அடுத்த முறை போனபோது அங்கே பாசி படர்ந்திருந்தது. கோபத்தில் விரலால் தேய்த்தேன். பாசிக்கு அடியில் ஊசிமுனையளவு குழிகள் நெருக்கமாக இருந்தன. நான் உருண்டையைக் கட்டும்வரை ஒவ்வொன்றிலும் ஒரு பவள உயிர் குடியிருந்தது; இப்போது எல்லாம் காலி.