மாமாவின் சத்தமில்லாத ஃபேன்

ஏர்க்காட்டில் எங்கள் வயதுப் பிள்ளைகள் யாரும் ஃபேன் காற்றில் தூங்கி வளர்ந்தவர்கள் இல்லை. சீலிங் ஃபேன் என்பது சேலத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அண்ணாந்து பார்க்கிற பொருள். அது கழன்று தலைமேல் விழுந்துவிடும் என்று நான் சுவரோரமாக ஒண்டிப் படுப்பேன். அப்படிப்பட்ட என்னை, எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, என் மாமா ஒரு ஃபேனுக்குப் பொறுப்பாளராக நியமித்தார். நியமித்தவர் மேல்தான் தப்பு என்று இன்றைக்கும் சாதிப்பேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஊர் முக்கான ஒண்டிக்கடையில், ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடியில், கேசட் பதிவு செய்துகொடுக்கும் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. கேசட்டுக்கு ஆயுசு முடியப்போகிறது என்று எங்கேயோ மோப்பம் பிடித்து, சேலத்தில் கடைகடையாக ஏறி இறங்கி, பாகம் பாகமாக வாங்கி வந்து, ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி நிறுத்தினார். எங்கள் மலையில் அதுவரை பாட்டுப் பதிவதற்கென்று ஒருவரும் கம்ப்யூட்டர் வாங்கியதில்லை. மாமா அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பைலட் மாதிரி இருப்பார்.

விமானத்தில் ஒரே ஒரு குறை, சத்தம். உள்ளே சூட்டைத் தணிக்க இரண்டு சின்ன ஃபேன்கள் சுற்றின. சின்னதுதான், ஆனால் இரண்டும் சேர்ந்து போட்ட கூச்சல் தண்ணீர் விட்டுக் காபிப் பழத்துக்குத் தோலுரிக்கும் பல்ப்பர் மிஷினுக்குச் சமம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த என் அப்பா முதன்முதலாக அதைப் பார்க்க வந்தவர், படியேறும்போதே, "என்னுங்க மாப்ள, பல்ப்பர் ஓடுது, தண்ணி எங்க?" என்று கேட்டுவிட்டார். மாமா சிரிக்கவில்லை.

அந்தச் சத்தம் யாருக்கும் பெரிதாக இடைஞ்சல் இல்லை, என் அத்தைக்கு அந்த விளம்பரம் கண்ணில் படும்வரை.

அத்தை என் அப்பாவின் தங்கை, கல்யாணமாகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தவர். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். தினமும் சாயங்காலம் பேப்பரை எடுத்து எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். விலைவாசிச் செய்தியை அவர் வாசித்தால் விலை குறைந்த மாதிரி இருக்கும். அப்படி வாசித்துக்கொண்டு வரும்போதுதான், சமவெளியில் ஒரு வானொலி நிலையத்துக்கு அறிவிப்பாளர்கள் தேவை என்றிருந்தது. ஐந்து நிமிட வாசிப்பைக் கேசட்டில் பதிந்து அனுப்பவேண்டும். வயது வரம்பும் போட்டிருந்தது. அத்தைக்கு அந்த வருஷம்தான் கடைசி. அடுத்த வருஷம் கேட்டால் வயது தாண்டிவிடும். அத்தை அந்தத் துண்டைக் கத்தரித்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். மறுநாளே மாமா கடைக்குப் போய், "ஏனுங்க, ஒரு உதவி" என்றார்.

கம்ப்யூட்டரில் பதிந்தால் தடுமாறிய இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கேசட்டுக்கு மாற்றலாம் என்று மாமா சொன்னார். வெள்ளோட்டமாக ஒரு நிமிடம் பதிந்து போட்டுப் பார்த்தார். அத்தையின் குரலுக்குப் பின்னால் ஓயாமல் ஓர் இரைச்சல்.

"தகரத்துல மழ பேயறாப்பல இருக்குதுங்க" என்றார் அத்தை.

"ஒரு மாசம் டைம் குடுங்க. மழைய நிறுத்திக் காட்டறேன்" என்றார் மாமா.

அந்த மாதத்தில் நாலு சனிக்கிழமை மாமாவோடு நானும் சேலம் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் என் வயிறு தனியாக ஒரு வளைவு வளையும். அடிவாரத்தில் இறங்கி ஒரு சோடா குடித்தால்தான் நான் மறுபடி மனுஷன். அங்கிருந்து டவுனுக்குப் போய், சாமான் விற்கும் கடையில் மாமா ஒவ்வொரு ஃபேனாக எடுத்து, காதோரம் வைத்து, விரலால் சுண்டிச் சுற்றுவார். பலாப்பழம் தட்டிப் பார்க்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கடைக்காரர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் வாரம் கேட்டார்:

"ஏனுங்க, ஏர்க்காட்டுக்காரரு கீழ எறங்கி வந்து ஃபேன் வாங்கறீங்க. மேல குளுரு பத்தலீங்களா?"

"எனக்கில்லீங்க. மிஷினுக்கு."

"அதுக்கு ஒரு சொட்டர் போட்டுட்டாப் போவுது."

மாமா அசரவில்லை. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் காற்று வரும், வேகம்தான் கத்துகிறது, அதே காற்றைப் பெரிய ஃபேன் சாவகாசமாகச் சுற்றியே கொடுத்துவிடும் என்று கண்டுபிடித்தார். ஆகவே இரண்டு சின்னதையும் கழற்றிவிட்டு, உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒன்றை வாங்கினார். அது நுழைவதற்குக் கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் தகரம் வெட்டும் கத்தரியால் ஓட்டை போட்டார். திருகாணியைத் தகரத்தில் நேராக முறுக்கினால் பெட்டி முழுக்க அதிர்கிறது என்று பழைய சைக்கிள் டியூபை வட்டவட்டமாக நறுக்கி இடையில் கொடுத்தார். வேகத்தை இன்னும் குறைக்க, கம்பிச் சுருள் வைத்த ஒரு ரெகுலேட்டரைச் சேர்த்து, அதன் தலையில் பழைய ரேடியோவின் குமிழை மாட்டினார். முழுசாகத் திருப்பினால் பன்னிரண்டு வோல்ட். ஏழு வோல்ட் வரும் இடத்தில், அம்மாவின் நகப்பூச்சைக் கேட்காமல் எடுத்து, சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். அந்தப் பொட்டில் ஃபேன் சுற்றினால், சுற்றுகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேலத்துக் கடையில் வைத்துப் பார்த்தபோது ஏழு வோல்ட்டில் சட்டென்று கிளம்பியது. மலைமேல் கொண்டுவந்து மார்கழிப் பனியில் சுவிட்சைப் போட்டால் அசையவே இல்லை. மாமா முகம் செத்துப்போனது. பிறகு விரலால் ஒரு தள்ளு தள்ளினார், சுற்றியது. குளிரில் உள்ளே இருக்கும் எண்ணெய் இறுகிவிடுகிறது என்று அவருக்குப் புரிந்தது. எனக்கு அதை எங்கள் ஊர் பாஷையில் விளக்கினார்.

"ஜீப்பு மாதிரிதான் மாப்ள. காலையில மஞ்சக்குட்டைக்குப் போற ஜீப்பத் தள்ளித்தான கெளப்பறாங்க? கெளம்பிருச்சுன்னா அதுபாட்டுக்கு ஓடும். மொதல்ல குமிழ முழுசாத் திருப்பு. இருவது எண்ணு. அப்பறம் பொட்டுக்கு எறக்கு. அவ்வளவுதான் உன்ற வேலை."

பதிவுக்கு நாள் குறித்தது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை கேசட் போய்ச் சேரவேண்டும். நாலு மணி பஸ்ஸைப் பிடித்து அத்தையும் அப்பாவும் சேலம் போய் விரைவுத் தபாலில் போடுவதாக ஏற்பாடு. மத்தியானம் இரண்டரைக்கு மேல் ஒண்டிக்கடை ஓய்ந்துவிடும், ஜீப்பு ஹாரன்கூட இருக்காது. அந்த நேரத்தில் ஆரம்பித்தோம். சுவரெல்லாம் கம்பளி. அறைக்குக் குறுக்கே கொடி கட்டி இன்னொரு கம்பளி. இந்தப் பக்கம் மைக்குக்கு முன்னால் அத்தை. காதில் ஹெட்ஃபோனோடு கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் மாமா. அந்தப் பக்கம் மூடி கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டியும், குரங்குக் குல்லாயும் சொட்டருமாக நானும். காலையில்தான் அரையாண்டுப் பரீட்சை எழுதிவிட்டு அட்டையும் பேனாவுமாக நேராக வந்திருந்தேன். கணக்குப் பரீட்சை. நன்றாக எழுதியதாக ஒரு மமதை வேறு.

அந்த மமதைதான் செய்தது. எதற்கு முழுசாகத் திருப்பி, அனாவசியமாக ஒரு கூச்சல்? ஊரே ஐஸ் மாதிரி இருக்கிறது, ஃபேனுக்கு அவசரமென்ன? குமிழைப் பொட்டில் வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். ஒரு சத்தமில்லை. என்னுடைய கைராசியை நானே மெச்சிக்கொண்டேன்.

"ரெடியா சாமி?" என்றார் மாமா.

"நொம்ப ரெடி மாமா."

அத்தை வாசிக்க ஆரம்பித்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். புது பிளாஸ்டிக்கை வெயிலில் காயவைத்த மாதிரி ஒரு வாசனை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஃபேனின் ஏழு இதழ்களையும் தனித்தனியாக எண்ண முடிந்தது. பக்கத்தில் இருந்த அலுமினியக் கட்டியில் விரலை வைத்தேன், தோசைக்கல்.

வாயைத் திறந்து சொல்ல முடியாது. சொன்னால் என் குரலும் வானொலி நிலையத்துக்குப் போய்விடும். சரி, ஒரு தள்ளு தள்ளிவிடலாம் என்று பேனாவை விட்டேன். அவசரத்தில் அது இதழுக்குள் போகாமல் ஒயரில் மாட்டியது. இழுத்தேன். மாமா டேப் சுற்றி வைத்திருந்த இணைப்பு மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு என் கையோடு வந்தது.

பெரிய ஆபத்தில் மனிதனுக்கு அறிவு கூர்மையாகும் என்பார்கள். எனக்கு வந்த முதல் யோசனை, மஞ்சக்குட்டைப் பக்கம் ஏதாவது ஒரு காபித் தோட்டத்துக்குள் ஓடிப்போய் ஆரஞ்சும் கொய்யாவும் தின்று உயிர் வாழ்வது. எத்தனை நாள் என்றும் கணக்குப் போட்டேன். அத்தைக்கு வயது வரம்பு தாண்டும்வரை இருந்தால் போதும், பிறகு ஊரில் மறந்துவிடுவார்கள். இரண்டாவது யோசனை, அழுவது. அதற்கும் சத்தம் வரும். மூன்றாவதாகக் கையில் பட்டது பரீட்சை அட்டை.

விசிற ஆரம்பித்தேன்.

ஏர்க்காட்டு மார்கழியில், குல்லாய்க்குள் வேர்வை வழிய, ஒரு ஆள் விசிறிக்கொண்டிருந்த காட்சி அதற்கு முன்பும் பின்பும் நடந்திருக்காது. விரலை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல் கொஞ்சம் ஆறி டீ டம்ளர் ஆனது. அத்தை ஐந்து நிமிடமும் ஒரு சொல் தடுமாறாமல் வாசித்து முடித்தார். தப்பித்தேன் என்று நினைத்த நொடியில் மாமாவின் குரல் கேட்டது.

"நல்லா வந்திருக்குதுங்க. ஆனா பின்னாடி லேசா ஃபேன் சத்தம் கேக்குது. இன்னொருக்கா படிக்கறீங்களா?"

ஃபேன் சத்தம்! ஒயரோ என் மடியில் கிடக்கிறது. அப்படியென்றால் நான்தான் சத்தம். அட்டையின் கிளிப் ஆடுகிறது போல என்று கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் தடவை மெதுவாக விசிறினேன். அத்தை மறுபடி முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். இன்னும் நன்றாக.

"இப்பவும் இருக்குதுங்க."

மூன்றாம் தடவை என் வேகத்தை நானே ஏழு வோல்ட்டுக்கு இறக்கினேன். மூச்சைக்கூட வாயால் விட்டேன்.

"கொஞ்சம் கேக்குதுங்க."

அத்தைக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஏனுங்க, வேண்டாததை மட்டும் வெட்டிக்கலாம்னு சொன்னீங்களே?"

"தப்பாப் படிச்சா வெட்டலாமுங்க. சத்தம் மொத்தத்துலயும் கலந்திருக்குதே, எங்கன்னு வெட்டறது?"

நாலாம் தடவை. வலது கை செத்து, இடது கைக்கு மாற்றினேன். அத்தை செய்தி வாசிக்கிறார், காபியைப் பூக்கவைக்கும் பூமழை பற்றி வாசிக்கிறார், காபி விலை வாசிக்கிறார். நான் கம்பளியைப் பார்த்துக் கும்பிடாத குறையாக, போதும், போயேன் அத்தை, போயேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். முடிந்தது. கீழே பக்கத்து டீக்கடையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஏம்மா! மணி மூணேகாலு! பஸ்ஸுக்கு எடம் போட வேணாமா?"

அத்தை எழுந்துபோய் ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார்.

"இல்லீங்க. இப்பச் சுத்தமா இருக்குது" என்றார் மாமா. "இதையே மாத்திக் குடுத்தர்றேன்."

கேசட்டுக்கு மாற்ற இன்னொரு ஐந்து நிமிடம், இன்னொரு ஐந்து நிமிட விசிறல். அத்தை படியிறங்கிப் போன சத்தம் கேட்டது, நான் விசிறிக்கொண்டே இருந்தேன். நாலு மணி பஸ் முதல் வளைவு திரும்பும்வரை மாமா ஜன்னலிலேயே நின்றார். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டரை அணைத்தார், கம்பளியை விலக்கினார். வேர்வையில் நனைந்த என்னையும், மடியில் கிடந்த ஒயரையும், கிழிந்த அட்டையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எப்பப் புடுங்குன?"

"மொதத் தடவையிலயே மாமா."

"அப்ப நாலு தடவையும் ஃபேனு ஓடல?"

"ஓடல மாமா. நாந்தான்."

ஓர் அறை விழும் என்று கன்னத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டேன். மாமா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் வலது கையை எடுத்துத் தோள்பட்டையிலிருந்து நீவிவிட்டார்.

"இத அத்தகிட்டச் சொல்லிராத கண்ணு."

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, என்னுடைய கண்டுபிடிப்பையும் சொன்னேன். மாமாவுக்குக் காதில் ஏதோ கோளாறு, ஓடாத ஃபேனின் சத்தம் மூன்று தடவை கேட்கிறது, சேலத்தில் காது டாக்டரிடம் காட்டவேண்டும். அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "யாருகிட்டயும் சொல்லாத சாமி" என்றாள் அவளும்.

தையில் அத்தைக்குக் கடிதம் வந்தது. மாசியில் பெட்டியோடு பஸ் ஏறிப் போனார். காலை ஆறேகாலுக்கு அவர் குரல் எங்கள் டிரான்சிஸ்டரில் வரும். மாமாவுக்கு அப்போது வயது முப்பது. வீட்டில் பெண் பார்க்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவார். காது கோளாறு வெளியே தெரிந்தால் அவருக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கவலைப்பட்டு, அந்த ரகசியத்தை நான் ரொம்ப வருஷம் கட்டிக் காப்பாற்றினேன்.