ஆலம்பரைக் கோட்டைக்குப் போனவள் குடியை விட்டு வந்த கதை

மருத்துவ முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி, வீட்டில் பேசாமல் இருக்காமல், இரண்டு பேருந்தும் ஆட்டோவும் மாறி ஓர் இடிந்த கோட்டையைப் பார்க்க எதற்குப் போனாள்? இதுவரை இரண்டு பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். விடை தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் அலுவலகத்தில் வழக்கமான வருடாந்திர உடல் பரிசோதனை நடந்தது. ஈரல் பரிசோதனையில் நாற்பதுக்குள் இருக்க வேண்டிய ஓர் எண் எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. நான் பெயின்ட் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எண் எல்லை தாண்டினால் நாங்கள் முதலில் கருவியைத்தான் சந்தேகிப்போம். அதையே செய்தேன். வேறொரு ஆய்வகத்தில் பணம் கட்டி மறுபடி ரத்தம் கொடுத்தேன். நானூற்று ஐந்து. கருவி மேல் தப்பில்லை.

எனக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. கொஞ்சம் அசதி இருந்தது. ஐம்பதை நெருங்குகிறோம், இருக்கத்தான் செய்யும் என்று விட்டிருந்தேன். மருத்துவர் மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான சோதனைகளைச் செய்தார். எதுவும் இல்லை. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த முறையும் கேட்டார். மூன்றாவது முறை கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். பிறகு வேறு சில சோதனைகளுக்கு ரத்தம் எடுத்து, முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார். கணவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு பெயர் வேண்டாமா? நோயின் பெயர் தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்த ஒரு வாரத்தின் கடைசி நாளான செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன். கணவர் வழக்கம்போல் கல்பாக்கம் அலுவலகத்துக்கு ஆறே முக்காலுக்குக் கிளம்பிப் போனார். ஏழு பத்துக்கு நான் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் இருந்தேன்.

வழி இதுதான். செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம், இருபத்தைந்து கிலோமீட்டர், முப்பது ரூபாய். அங்கிருந்து செய்யூருக்கு நகரப் பேருந்து. வெள்ளைப் பலகை வண்டி என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெல் வயல், கடலைக் கொல்லை, சவுக்குத் தோப்பு என்று மாறி மாறி வரும். ஜன்னல் ஓரம் கிடைத்தால் நல்லது. எனக்குக் கிடைத்தது. ஆனால் நான் பார்த்தது பெரும்பாலும் என் நகங்களைத்தான். ஈரல் கெட்டால் நகம் நிறம் மாறும் என்று எங்கோ படித்திருந்தேன்.

செய்யூரில் இறங்கி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் டேனியல், நாற்பது வயது இருக்கும். கோட்டைக்குப் போய், காத்திருந்து, கடப்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை நிறுத்தத்தில் இறக்கிவிட எழுநூறு ரூபாய் என்றார். அறுநூற்றைம்பதுக்கு ஒப்புக்கொண்டார்.

“ஒண்டியா வந்துகீறீங்க? வூட்ல யாரும் வரலியா மேடம்?”

“வேலைக்குப் போயிட்டார்.”

“அதுவும் சரிதான்” என்றார். எது சரி என்று சொல்லவில்லை.

கோட்டைக்குப் போய்ச் சேரும்போது பத்து இருபது. நுழைவுக் கட்டணம் இல்லை. சின்னச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள், பாதி நிற்கின்றன, பாதி விழுந்து கிடக்கின்றன. கிழக்கே கழிமுகம், அதற்கு அப்பால் ஒரு மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். படகில் சுற்றிக்காட்ட ஆள் இருக்கிறார்கள், பேரம் பேச வேண்டும். நான் ஏறவில்லை. சுவர் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே இரண்டு பெண்கள் வலையிலிருந்து நண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, “இன்னாமா, வெய்யில்ல குந்திகினு? தலைல துணியப் போடு” என்றாள். போட்டுக்கொண்டேன். அந்த நாளில் யாராவது சொன்னதைக் கேட்கிற மனநிலையில்தான் இருந்தேன் போலிருக்கிறது.

கோட்டையில் நிழல் என்று எதுவும் இல்லை. அதனால் திரும்பி வந்து ஆட்டோவில், டேனியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. நாளை காலை பதினோரு மணிக்கு வர வேண்டும், வரும்போது வீட்டிலிருந்து யாரையாவது கூட அழைத்து வர வேண்டும் என்றாள் பேசிய பெண்.

“லிவர் ரிப்போர்ட் வந்துடுச்சா?” என்றேன். “வந்துடுச்சுங்க. டாக்டர்தான் சொல்லுவாங்க” என்றாள்.

“கூட ஆள் கண்டிப்பா வரணுமா? அவர்கிட்ட நான் இன்னும் எதுவுமே சொல்லலைங்க.”

“டாக்டர் சொல்லச் சொன்னாங்க மேடம்.”

வைத்துவிட்டாள். கூட ஆளை அழைத்து வரச் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடல் சத்தம் கேட்காமல் போனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே தெரிந்தது.

“மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க” என்றார் டேனியல், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. “போற வழில ஒரு எடம் கீது. அஞ்சு நிமிசம். எக்ஸ்ட்ரா டப்பு வாணாம்.”

“என்ன இடம்?”

“பவரான எடம். நான் கிறிஸ்டின்தான், ஆனாலும் சொல்றேன். என் மச்சானுக்கு அங்கதான் ஆச்சி. ரெண்டு வருசமா நல்லா கீறான்.”

பழைய கோயில் ஏதோ காட்டப் போகிறார் என்று நினைத்தேன். இந்தப் பயணக் குறிப்பில் எழுதுவதற்கு ஆகும் என்றும் நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது. பிரதான சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, தகரக் கொட்டகை போட்ட சின்ன அம்மன் கோயில். பெயரை எழுதவில்லை. பழைய கோயில் ஒன்றும் இல்லை. வெளியே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாரும் ஆண்கள், தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பெண், மனைவியோ அம்மாவோ. டேனியல் யாரிடமோ பேசி என்னை நடுவில் நிறுத்திவிட்டார். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். பூசாரி கையில் மஞ்சளும் கறுப்பும் முறுக்கிய கயிறுகள் கற்றையாக இருந்தன.

“எத்தினி மாசம்?” என்று அந்தக் கணவனைக் கேட்டார் பூசாரி.

“ஒரு மாசம் சாமி.”

“அது பேச்ச கேக்காத சாமி, ஒரு வருசம் கட்டு” என்றாள் மனைவி.

“இன்னாடி ஒரு வருசம்? நடுவுல தங்கச்சி கல்யாணம் வருதில்ல?”

“கல்யாணத்துல சோறு துன்னுட்டு வா, போதும். குடிச்சிட்டு டான்ஸ் ஆட வாணாம்.”

“சீக்கிரம் பேசி முடிங்கப்பா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கோ” என்றார் பூசாரி. பேரம் மூன்று மாதத்தில் முடிந்தது. கயிறு கட்டி, திருநீறு பூசி, அது கையில் இருக்கும் வரை குடித்தால் என்ன ஆகும் என்று அம்மனின் சார்பில் இரண்டு வரி சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது குடியை விடுவதற்குக் கயிறு கட்டும் கோயில்.

“ஆள் எங்க?” என்றார் பூசாரி என்னிடம்.

“ஆளு வரல சாமி” என்றார் டேனியல், கனிவான குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி. “லிவரு போயிட்ச்சி. ஆஸ்பத்திரில கூட ஆள இட்டாரச் சொல்லிட்டாங்கோ. பாவம், இவங்க இன்னும் அவராண்ட சொல்லக்கூட இல்ல.”

வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் என் தோளைத் தொட்டாள். என் கணவர் ஒரு நாளைக்கு ஒரு காபிக்கு மேல் குடிக்காதவர். அலுவலகப் பிரிவுபசார விருந்துகளிலிருந்து எட்டு மணிக்கே வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிடுகிறவர். அவரை இத்தனை பேர் முன்னால் குடிகாரராக விட்டுவிட முடியவில்லை.

“அவருக்கு ஒண்ணும் இல்லை. லிவர் பிரச்சினை எனக்குத்தான்” என்றேன்.

மூன்று வாரத்தில் அந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் காதுக்கே அது வேறு யாருடைய குரலாகவோ கேட்டது.

எனக்குப் பின்னால் இருந்து, சரியாக நிற்க முடியாமல் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒருவர் கை காட்டினார். “அக்கா, நீ மின்னாடி போக்கா.”

“நான் குடிக்கிறதில்லை” என்றேன்.

“நானும்தான்க்கா” என்றார் அவர். கொட்டகை முழுதும் சிரித்தது. அவர் மனைவிகூடச் சிரித்தாள்.

மருத்துவர் ஏன் மூன்று முறை கேட்டார் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. உண்மையும் பொய்யும் ஒரே சொற்களில் வரும்போது யாரைக் குறை சொல்வது?

“குடிக்கலன்னா கட்டிக்கிறதுல இன்னா நஷ்டம்? கைய நீட்டும்மா” என்றார் பூசாரி. “எத்தினி மாசம்?”

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. என் திருமணத்தில் தாலியே வேண்டாம் என்று வாதாடியவள் நான். ஆனாலும் கையை நீட்டினேன். “ஆறு” என்றேன். அத்தனை மாதம் எனக்கு இருக்க வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

“பாத்தியா? பொம்பள ஆறு மாசம் சொல்லுது” என்றாள் முன்னால் நின்றவள், தன் கணவனிடம். பின்னால் நின்ற அம்மாள் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடிக்கச் சொன்னாள். நோய் என்னவென்று தெரியும் வரை நாட்டு மருந்து எதையும் சாப்பிடக் கூடாதாம் என்றேன். “அதுவும் கரெட்டுதான்” என்று என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள்.

டேனியல் ஆட்டோவைக் கடப்பாக்கம் பக்கம் திருப்பினார். நிறுத்தம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், “நெசமாவே குடிக்க மாட்டீங்களா மேடம்?” என்றார்.

“மாட்டேன்.”

“குடிக்காமலே லிவரு போவுமா?”

“போகும் போலிருக்கு. ஏன்னுதான் பாக்கறாங்க.”

அவர் முகம் மாறிவிட்டது. “இத என் மச்சானாண்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்றார். அவருடைய மச்சானை நான் என்றாவது சந்திப்பேன் என்று அவர் எப்படி நினைத்தார் என்று தெரியவில்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கடப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், அறுபது ரூபாய். புதுச்சேரியிலிருந்து வரும் வண்டிகள் ஊருக்குள் போவதில்லை, புறவழிச்சாலையில் இறக்கிவிடுவார்கள். கடற்கரை வரை நடந்தேன். சிற்பங்களைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. அவற்றின் பக்கமே போகவில்லை. நான்கு மணிக்குக் கணவருக்குத் தொலைபேசியில் பேசி, அலுவலகம் முடிந்து நேராக இங்கே வரச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் ஐந்தரைக்கு வந்தார்.

மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எண்கள், இரண்டாவது ஆய்வகம், நாளை பதினோரு மணி. அவர் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். அவருடைய அலுவலக ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் கையில் அதே கயிறு உண்டு.

“இது குடியை விடறதுக்குக் கட்டறதாச்சே?”

“ஆமாம்.”

“நீ எப்போ ஆரம்பிச்ச?”

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. இருபத்து மூன்று ஆண்டுத் திருமணம். நான் சிரிக்க ஆரம்பித்தேன், அது சிரிப்பாக முடியவில்லை. சுண்டல் விற்றுக்கொண்டு வந்தவர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆலம்பரைக்குக் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், தண்ணீரும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள், கழிப்பறையை நம்பிப் போகாதீர்கள். செய்யூரிலிருந்து திரும்புவதற்கும் சேர்த்தே ஆட்டோ பேசுங்கள், கோட்டை வாசலில் வண்டி கிடைக்காது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு இரவு எட்டு வரை பேருந்துகள் உண்டு, ஒரு மணி நேரம். கையில் மருத்துவ முடிவு ஏதாவது இருந்தால், கிளம்புவதற்கு முன்பே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதலில் சொல்வது யாரிடம் என்பது உங்கள் கையில் இருக்காது.

மறுநாள் நடந்தது இது. பதினோரு மணிக்குப் போனோம், பன்னிரண்டு பத்துக்குக் கூப்பிட்டார்கள். என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குவதுபோல் தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல ஈரலிலிருந்து ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அதற்குக் கையெழுத்துப் போடவும், அன்று பக்கத்தில் இருக்கவும்தான் வீட்டு ஆளைக் கேட்டிருக்கிறார். நாள் வெள்ளிக்கிழமை. நோய்க்குப் பெயர் இன்னும் இல்லை. மறுபடி ரத்தம் எடுக்க வந்த செவிலியர் என் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமைக்கு இத கட் பண்ணிடணும்மா” என்று கத்தரிக்கோலை எடுத்தார். நான் கையை நீட்டினேன்.

“வேணாம் சிஸ்டர்” என்றார் என் கணவர். “மேலே தள்ளிப் பிளாஸ்திரி போட முடியுமா?”

முடியும் என்றார். தள்ளிவிட்டு, இரண்டு சுற்று ஒட்டினார்.